டூனா டின்: எண்ணெயில் போட்டதா, தண்ணீரில் போட்டதா?

சார்ஜாவுக்குப் புதிதாக வேலைக்குப் போன அண்ணன் மகன் போன வாரம் கடைக்குள் நின்றுகொண்டே என்னைக் கூப்பிட்டான். "அத்தை, டூனா டின் ரெண்டு மாதிரி இருக்கு. ஒண்ணு எண்ணெயில போட்டது, இன்னொண்ணு தண்ணியில போட்டது. எதை எடுக்கணும்?"

"சமைக்கப் போறியா, அப்படியே திங்கப் போறியா?" என்று கேட்டேன். அவன் அதை யோசித்திருக்கவில்லை. இரண்டிலும் ஒவ்வொன்று எடு, அறைக்குப் போய்க் கூப்பிடு என்றேன். அன்று ராத்திரி போனில் அரைமணி நேரம் சொன்னதைத்தான், இன்னும் கொஞ்சம் ஒழுங்குபடுத்தி, இங்கே எழுதுகிறேன். வெளியூரில் தனியாகச் சமைக்கத் தொடங்குகிறவர்களுக்கும், வளைகுடாவிலிருந்து வந்த பெட்டியில் ஏழெட்டு டின் இருக்கிறதே, இதை என்ன செய்வது என்று கேட்கிறவர்களுக்கும் இது உதவும்.

எங்கள் வீடு குழித்துறைக்கும் களியக்காவிளைக்கும் நடுவில். குழித்துறை ஆறு கடலில் சேரும் இடம் தேங்காய்ப்பட்டணம். இவ்வளவு பக்கத்தில் கடலை வைத்துக்கொண்டு டின் மீன் எதற்கு என்று என் அம்மா பல வருடம் கேட்டிருக்கிறார். அதற்குப் பதில் ஜூன் மாதம். எங்கள் மாவட்டத்தின் மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை விசைப்படகுகள் கடலுக்குப் போகக்கூடாது. எல்லைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் ஜூன் 9 நள்ளிரவில் தொடங்கி அதே ஜூலை 31 வரை, 52 நாள். மழையும் அப்போதுதான் கொட்டும். சின்ன வள்ளங்கள் கொண்டுவரும் மீன் சந்தைக்கு வந்தவுடன் விலை ஏறிவிடும். அந்த இரண்டு மாதமும் அலமாரியில் நாலு டின் இருந்தால் மனசுக்கு ஒரு தைரியம்.

முதலில் மீனைத் தெரிந்துகொள்ளுங்கள்

டூனா என்பதை ஏதோ வெளிநாட்டு மீன் என்று நினைக்கிறவர்கள் எங்கள் ஊரிலேயே இருக்கிறார்கள். அது நம்முடைய சூரை. எல்லைக்கு அப்பால் சூர என்பார்கள். மஞ்சள் துடுப்புள்ள பெரிய இனம் கேரளச் சந்தைகளில் கேர என்ற பெயரில் துண்டு போட்டு விற்கப்படும். இரயுமன்துறையில் தொடங்கி பூத்துறை, தூத்தூர், வள்ளவிளை என்று நீரோடி வரை வரிசையாக இருக்கும் கடற்கரை ஊர்களின் ஆழ்கடல் படகுகள் சுறாவுக்கும் சூரைக்கும் பேர்போனவை. அவற்றில் பல படகுகள் மீனைக் கொச்சி தோப்பும்படி துறைமுகத்தில் இறக்குகின்றன. லட்சத்தீவில் மினிக்காய்க்காரர்கள் தூண்டிலில் பிடித்து, அவித்து, புகைபோட்டு, காயவைத்து அனுப்பும் மாசியும் சூரைதான். மாசி இடித்துச் சம்மந்தி (துவையல்) அரைத்த வீட்டில் பிறந்தவர்களுக்கு டூனா டின் அப்படி ஒன்றும் தூரத்துச் சொந்தம் இல்லை.

டின்னுக்குள் பெரும்பாலும் இருப்பது வயிற்றில் கறுப்பு வரிகள் நீளவாக்கில் ஓடும் இனம். லேபிளில் ஸ்கிப்ஜாக் என்றோ லைட் மீட் என்றோ எழுதியிருக்கும். சிலவற்றில் எல்லோஃபின் என்று இருக்கும், அதுதான் கேர. ஒயிட் மீட் அல்லது ஒயிட் டூனா என்றால் பெரும்பாலும் அல்பக்கோர் என்ற இனம். அதன் சதை வெளிறி, கெட்டியாக, கோழிக்கறி போல இருக்கும். 1903-ல் கலிபோர்னியாவின் சான் பெட்ரோவில் சாளைமீன், அதாவது மத்தி, வரத்துக் குறைந்துபோனபோது அங்கிருந்த ஒரு தொழிற்சாலையில் சாளைக்குப் பதிலாக டின்னில் அடைத்துப் பார்த்தது இந்த அல்பக்கோரைத்தான். அமெரிக்காவில் டூனா டின் பரவியது அங்கிருந்துதான். சூரைக் குழம்பின் ருசி தெரிந்த நாக்குக்கு ஸ்கிப்ஜாக்தான் பிடிக்கும் என்பது என் கருத்து. அல்பக்கோரில் மீன் வாசம் குறைவு. மீனே பிடிக்காதவர்களுக்கு அது தோதாக இருக்கலாம்.

டின்னுக்குள் நடப்பது

இதைத் தெரிந்துகொண்டால் எண்ணெய், தண்ணீர் வித்தியாசம் தானாகப் புரியும். மீனைக் குடல் நீக்கி ஆவியில் ஒரு தடவை வேகவைக்கிறார்கள். ஆறியதும் தோல், முள், கறுப்புச் சதை எல்லாவற்றையும் எடுத்துவிடுகிறார்கள். நாம் குழம்பில் விரும்பிச் சாப்பிடும் அந்தக் கறுப்புச் சதையில் பெரும்பகுதி பூனை உணவுக்குப் போகிறது. எனக்கு அது வருத்தம்தான். மீதி வெள்ளைச் சதையை டின்னில் அடைத்து, உப்பும் எண்ணெயோ தண்ணீரோ சேர்த்து, காற்றுப் புகாமல் மூடி, பெரிய அழுத்தக் கொப்பரையில் 115 முதல் 121 டிகிரி வரை சூடாக்குகிறார்கள். நம் பிரஷர் குக்கரின் வேலையேதான், இன்னும் கணக்காக. அந்தச் சூட்டில்தான் டின்னைக் கெடுக்கும் கொடிய கிருமிகள் சாகின்றன. அதனால்தான் வேறு பதனப்பொருள் இல்லாமலே வருடக்கணக்கில் இருக்கிறது.

ஆகவே டின்னைத் திறக்கும்போது அது இரண்டு தடவை வெந்த மீன். ஸ்கிப்ஜாக் இயல்பிலேயே கொழுப்புக் குறைந்த மீன், இரண்டு வேக்காட்டில் இன்னும் வறண்டுபோகும். எண்ணெய் அந்த வறட்சியை மறைக்கிறது. நாருக்கு நார் இடையில் புகுந்து மெதுவாக வைத்திருக்கிறது. தண்ணீரால் அது முடியாது. தண்ணீரில் போட்ட டூனாவை அப்படியே வாயில் போட்டால் கொஞ்சம் பஞ்சு போலத்தான் இருக்கும். அது மட்டமான மீன் என்று பொருள் இல்லை, அதன் குணம் அப்படி.

இன்னொரு விஷயம் பலருக்குத் தெரியாது. மீனுக்குள் இருக்கும் மீனெண்ணெய், அதாவது ஒமேகா 3 என்று சொல்கிறார்களே, அது டின்னில் ஊற்றிய எண்ணெயோடு கலந்துவிடும். எண்ணெயை வடித்துக் கொட்டும்போது அதிலும் ஒரு பங்கு போய்விடும். தண்ணீரோடு அது கலக்காது, சதையிலேயே தங்கும். அதனால் எண்ணெய் டின் வாங்கி, எண்ணெயை முழுக்கப் பிழிந்து கொட்டிவிட்டுச் சாப்பிடுவது இரண்டு பக்கமும் நஷ்டம்.

கடையில் லேபிளைப் பார்க்கும் முறை

முதலில் வடித்த எடை. டின்னில் இரண்டு எடை போட்டிருப்பார்கள். நிகர எடையில் எண்ணெயும் தண்ணீரும் சேரும். வடித்த எடைதான் உங்கள் தட்டில் விழும் மீன். 185 கிராம் டின்னில் 130 கிராம் மீன் இருந்தால் நல்லது. அதே அளவு டின்னில் 105 கிராம் இருப்பதையும் பார்த்திருக்கிறேன். உதாரணத்துக்கு, ஒரு டின் 190 ரூபாய், 130 கிராம் மீன். இன்னொன்று 170 ரூபாய், 105 கிராம் மீன். முதலாவதில் 100 கிராம் மீன் 146 ரூபாய், இரண்டாவதில் 162 ரூபாய். மலிவு என்று கைநீட்டி எடுப்பதுதான் விலை கூடியது. இந்தக் கணக்கைப் போனில் போட்டுப் பார்க்க அரை நிமிடம் போதும்.

அடுத்தது, என்ன எண்ணெய். 'வெஜிடபிள் ஆயில்' என்று மட்டும் இருந்தால் பெரும்பாலும் சோயா எண்ணெய்தான், அல்லது வேறு தாவர எண்ணெய்களோடு கலந்தது. சூரியகாந்தி என்றால் அப்படியே எழுதியிருப்பார்கள். ஆலிவ் எண்ணெய் போட்டது விலை கூடுதல். அதன் வாசம் தனி. பிரட்டுக்கும் தக்காளிக்கும் பொருந்தும், தேங்காய்க்குப் பொருந்தாது. எங்கள் வீட்டில் ஒரு தடவை ஆலிவ் எண்ணெய் டூனாவில் தோரன், அதாவது தேங்காய்த் துருவல் போட்ட பொரியல், வைத்தேன். தேங்காய் ஒரு பக்கம் இழுக்க, ஆலிவ் இன்னொரு பக்கம் இழுக்க, இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசுவது போல இருந்தது.

தண்ணீர் டின்னிலும் வெறும் தண்ணீர் என்று நம்பிவிட வேண்டாம். 'பிரைன்' என்றால் உப்புநீர், கறிக்கு உப்பு போடும்போது கவனம் வேண்டும். 'வெஜிடபிள் பிராத்' என்றால் காய்கறிச் சாறு, அதில் பல சமயம் சோயா இருக்கும். சோயா ஒத்துக்கொள்ளாதவர்கள் எண்ணெய் டின்னை மட்டும் தவிர்த்தால் போதாது, இதையும் பார்க்க வேண்டும்.

மூன்றாவது, துண்டின் வடிவம். சாலிட் என்றால் முழுத் துண்டு. சங்க் என்றால் கடித்துச் சாப்பிடும் அளவுத் துண்டுகள். ஃபிளேக்ஸ் என்றால் உதிர்ந்தது. நம் சமையலுக்குச் சங்க் போதும். தோரனுக்கும் கட்லெட்டுக்கும் எப்படியும் உதிர்க்கத்தான் போகிறோம், முழுத் துண்டுக்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை. ஆனால் எண்ணெய் டின்னில் ஃபிளேக்ஸ் வாங்காதீர்கள். உதிரியாக இருக்கும்போது எண்ணெய் எல்லா இடத்திலும் ஏறி, வடித்தாலும் போகாது.

இந்தியாவில் விற்கும் டின்னில் எஃப்எஸ்எஸ்ஏஐ (இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம்) முத்திரையும் 14 இலக்க உரிம எண்ணும் அசைவ அடையாளமும் இருக்க வேண்டும். வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்ததில் தாய்லாந்து என்று இருந்தால் ஆச்சரியம் வேண்டாம். உலகத்தில் அதிகமாக டூனா டின் ஏற்றுமதி செய்யும் நாடு அதுதான். எங்கள் பக்கத்திலேயே ஆலப்புழை மாவட்டம் அரூரில் தயாராகும் டேஸ்டி நிபிள்ஸ் டின்னும் கடைகளில் கிடைக்கிறது.

அப்புறம் டின்னைக் கையில் எடுத்துத் தடவிப் பாருங்கள். மேலோ கீழோ உப்பியிருந்தால் வேண்டாம். விளிம்பு மடிப்பில் நசுங்கல் இருந்தால் வேண்டாம். சுரண்டினாலும் போகாத துரு இருந்தால் வேண்டாம். நடுப்பக்கத்தில் லேசான குழி பரவாயில்லை. மார்த்தாண்டம் பக்கம் ஒரு கடையில் தள்ளுபடி விலையில் வாங்கிய மூன்று டின்னில் ஒன்றின் விளிம்பு நசுங்கியிருந்ததை வீட்டுக்கு வந்துதான் கவனித்தேன். திறக்காமலே குப்பையில் போட்டேன். காசு போனதுதான், ஆனால் ருசி பார்த்து முடிவு செய்யும் விஷயம் இல்லை இது. அந்த நச்சுக் கிருமிக்கு வாடையும் இல்லாமல் இருக்கலாம், ருசியும் மாறாமல் இருக்கலாம்.

முதல் நாள்: பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்

யார் சொல்வதையும் கேட்டு எண்ணெய்க் கட்சியிலோ தண்ணீர்க் கட்சியிலோ சேர வேண்டாம். ஒரே கம்பெனியின் இரண்டு டின் வாங்குங்கள். மீனும் உப்பும் ஒன்றாக இருந்தால்தான் வித்தியாசம் தெரியும்.

இரண்டையும் திறந்து, மூடியாலேயே லேசாக அழுத்தி வடியுங்கள். தண்ணீர் டின்னை நன்றாக அழுத்தி, கண்ணிச் சல்லடையில் 5 நிமிடம் விட்டுவிடலாம். எண்ணெய் டின்னை அவ்வளவு பிழிய வேண்டாம், ஒரு ஸ்பூன் எண்ணெய் மீனோடு இருக்கட்டும். வடித்த எண்ணெயைப் பாத்திரம் கழுவும் தொட்டியில் ஊற்றாதீர்கள், குழாய் அடைக்கும். பழைய காகிதத்தில் ஊற்றிக் குப்பையில் போடுங்கள்.

இரண்டிலிருந்தும் ஒரு துண்டை அப்படியே சாப்பிட்டுப் பாருங்கள். பிறகு சூடான கஞ்சியோடு. பிறகு இரண்டு சின்ன உள்ளியை (சின்ன வெங்காயம்) நசுக்கி, ஒரு காந்தாரி மிளகாய், நாலு சொட்டு எலுமிச்சை சேர்த்துப் பிசைந்து. இந்த மூன்று தடவையில் உங்கள் நாக்கு எந்தப் பக்கம் என்று அதுவே சொல்லிவிடும். அண்ணன் மகனுக்கு வெறும் மீனில் எண்ணெய் பிடித்தது, எலுமிச்சை சேர்த்ததில் தண்ணீர் பிடித்தது. எனக்கும் ஏறக்குறைய அப்படித்தான். என் அம்மா இரண்டையும் ருசி பார்த்துவிட்டு, "மக்களே, இது எண்ணெயில கிடந்தது. நம்ம எண்ணெய் இல்ல, ஆனா மீனு மெதுவா இருக்கு" என்றார்.

டின்னுக்குள் கண்ணாடித் துண்டு போல ஏதாவது பல்லில் பட்டால் பயப்பட வேண்டாம். மீனில் இயல்பாக இருக்கும் தாதுக்கள் சேர்ந்து அப்படிப் படிகமாகும். வினிகரில் போட்டுச் சில நிமிடம் சூடாக்குங்கள். கரைந்தால் படிகம். கரையாவிட்டால் கண்ணாடிதான், டின்னைப் பத்திரமாக எடுத்துவைத்துக் கடையில் கேளுங்கள். ஆனால் சதையில் தேன்கூடு போலச் சின்னச் சின்ன ஓட்டைகள் தெரிந்தால் அந்த மீன் வேகும் முன்பே கெடத் தொடங்கியது. அதைச் சாப்பிடாதீர்கள்.

எண்ணெய் யாருடையது?

இனி என் முடிவைச் சொல்கிறேன். பல வருடம் இரண்டையும் வாங்கி, வைத்து, சமைத்துப் பார்த்த பிறகு வந்த முடிவு. அடுப்பில் ஏற்றுவதாக இருந்தால் தண்ணீர் டின். ஏற்றாமல் சாப்பிடுவதாக இருந்தால் எண்ணெய் டின்.

காரணம் நம் தேங்காய் எண்ணெய். எங்கள் பக்கம் மீன் தொடுகறிக்கு உயிர் கொடுப்பதே சீனிச்சட்டியில் (வாணலியில்) காயும் தேங்காய் எண்ணெயும் அதில் வெடிக்கும் கடுகும் கறிவேப்பிலையும்தான். சோயா எண்ணெயில் ஊறிக் கிடந்த மீனைக் கொண்டுவந்து அதில் போட்டால், சட்டியில் ஏற்கெனவே வேறு ஒருவருடைய எண்ணெய் இருக்கிறது. நம்முடையதை ஊற்றினால் எண்ணெய் அதிகம், ஊற்றாவிட்டால் வாசம் இல்லை. தண்ணீர் டின்னில் வந்த மீனோ பஞ்சு போல வறண்டு கிடக்கிறது. நாம் கொடுக்கும் எண்ணெயை, தேங்காயை, புளியை அப்படியே உறிஞ்சிக்கொள்ளும். அதன் குறை என்று எல்லோரும் சொல்வது சட்டியில் விழுந்ததும் நிறையாக மாறிவிடுகிறது.

தோரன் இப்படி வைப்பேன். 185 கிராம் டின் ஒன்று. தண்ணீரை நன்றாக வடித்து, கையால் உதிர்த்துக்கொள்ளுங்கள். அரை மூடி தேங்காய்த் துருவலில் பாதியை எடுத்து, அதனுடன் கால் ஸ்பூன் மஞ்சள் தூள், ஒரு பல் பூண்டு, கொஞ்சம் சீரகம் வைத்து அம்மியிலோ மிக்சியிலோ ஒரு சுற்று மட்டும். நைசாக அரைக்கக் கூடாது, ஒன்றிரண்டாக ஒதுக்க வேண்டும். சட்டியில் இரண்டு ஸ்பூன் தேங்காய் எண்ணெய், கடுகு, கறிவேப்பிலை, பத்து சின்ன உள்ளி நறுக்கியது, மூன்று பச்சைமிளகாய். உள்ளி நிறம் மாறியதும் தேங்காய்க் கலவையைப் போட்டுப் பச்சை வாசம் போகக் கிளறுங்கள். கடைசியில் மீன். மீன் ஏற்கெனவே வெந்தது என்பதை மறக்க வேண்டாம். சூடேறி எண்ணெய் பிடிக்க 3 நிமிடம் போதும். மீதித் துருவலைத் தூவி, நல்லமிளகுப் (குறுமிளகு) பொடி கொஞ்சம் போட்டு இறக்குங்கள். உப்பை இறக்கின பிறகு ருசி பார்த்துத்தான் சேர்க்க வேண்டும். நான் முதல் தடவை வடிக்காமல் தண்ணீரோடு கொட்டி, உப்பும் போட்டு, குழைந்து உப்புக்கரித்த ஒன்றைத்தான் சாப்பிட்டேன். வடிப்பதும் உப்பும்தான் இதில் எல்லாம்.

இதே தோரனை அவித்த மரச்சீனியோடு (மரவள்ளிக்கிழங்கு) சாப்பிடலாம். புட்டுக்குழலில் மாவுக்கும் தேங்காய்க்கும் நடுவில் ஒரு அடுக்காக வைக்கலாம், நல்ல மழைநாளில் அதைவிட வேறென்ன வேண்டும். கட்லெட்டுக்கும் தண்ணீர் டின்தான். எண்ணெய் டின்னில் செய்தால் உருட்டியது பொரிக்கும்போது பிரிந்துவிடுகிறது.

குழம்பு வைக்கலாமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். நான் வைப்பதில்லை. குடம்புளி போட்டுக் கொதிக்கும் குழம்பில் டின் மீன் கரைந்து நாராகிவிடும். முள்ளும் தோலும் கறுப்புச் சதையும் இல்லாத மீனிலிருந்து குழம்புக்கு இறங்குவதற்கு ஒன்றுமில்லை. வேறு வழியே இல்லை என்றால், குழம்பை முழுக்க வைத்து, அடுப்பை அணைத்த பிறகு சாலிட் துண்டுகளைப் போட்டு மூடி வையுங்கள்.

எண்ணெய் டின்னின் இடம் அடுப்பில்லாத இடம். விடுதி அறை, ரயில் பயணம், ராத்திரி ஷிஃப்ட் முடிந்து வந்து நிற்க முடியாத நேரம். நசுக்கிய சின்ன உள்ளி, காந்தாரி, எலுமிச்சை, அவ்வளவுதான். சம்பா அரிசிக் கஞ்சியும் சுட்ட பப்படமும் கூட இருந்தால் போதும். பிரட்டுக்கு நடுவில் வைக்கவும் இதுதான் நல்லது, மயோனைஸ் தேவைப்படாது. பெட்டியில் கொண்டுபோகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: விமானத்தில் கைப்பையில் டின்னை வைக்காதீர்கள், உள்ளே திரவம் இருப்பதால் பாதுகாப்புச் சோதனையில் எடுத்துவிடுவார்கள். பெரிய பெட்டியில் துணிகளுக்கு நடுவில் வையுங்கள்.

உடம்புக்கு

வடித்த பிறகு 100 கிராம் எண்ணெய் டூனாவில் ஏறக்குறைய 200 கலோரி, 8 கிராம் கொழுப்பு. தண்ணீர் டூனாவில் 90 முதல் 120 கலோரி, கொழுப்பு 1 கிராம் அளவில். புரதம் இரண்டிலும் தாராளம், 20 கிராமுக்கு மேல். எடை குறைக்க நினைக்கிறவர்கள் தண்ணீர் டின் வாங்குவது சரிதான். ஆனால் அதில் நாலு ஸ்பூன் எண்ணெய் ஊற்றித் தோரன் வைத்தால் கணக்கு ஒன்றாகிவிடும், அதையும் நேர்மையாகப் பார்க்க வேண்டும். வைட்டமின் டி எண்ணெய் டின்னில் கூடுதலாக இருக்கும்.

கொழுப்பைவிட உப்பைத்தான் நான் கவனிக்கச் சொல்வேன். உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்கு 5 கிராம் உப்புக்குள், அதாவது 2000 மில்லிகிராம் சோடியத்துக்குள் நிற்கச் சொல்கிறது. 100 கிராம் டூனாவிலேயே 300 மில்லிகிராம் அளவுக்கு இருக்கலாம், கம்பெனிக்குக் கம்பெனி மாறும். ரத்த அழுத்தம் உள்ள என் அம்மாவுக்குத் தண்ணீர் டின்னைச் சல்லடையில் வைத்துக் குழாயடியில் அலசிக் கொடுக்கிறேன். உப்பு குறையும், ருசியும் கொஞ்சம் குறையும். எண்ணெய் டின்னை அப்படி அலச முடியாது. வீட்டில் அழுத்தக்காரர் இருந்தால் இதுவே தண்ணீர் டின்னுக்குப் போதுமான காரணம்.

பாதரசம் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். பெரிய மீன்களில் அதிகம் சேரும். ஸ்கிப்ஜாக் சின்னது, அதில் குறைவு. அல்பக்கோரில் அதைவிடக் கூடுதல். கர்ப்பிணிகளுக்கு அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் சொல்வது: லைட் டூனா வாரத்துக்கு இரண்டு, மூன்று தடவை, தடவைக்கு 113 கிராம் அளவில். அல்பக்கோர் என்றால் வாரத்துக்கு ஒரு தடவை மட்டும். எண்ணெயா தண்ணீரா என்பதற்கும் பாதரசத்துக்கும் சம்பந்தம் இல்லை.

சூரை தின்றால் சொறியும் என்று எங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். அது மூடநம்பிக்கை இல்லை. சூரை இனத்து மீனைப் பிடித்தவுடன் ஐஸில் வைக்காவிட்டால் சதையில் ஹிஸ்டமின் என்ற பொருள் உண்டாகும். நாக்கில் மிளகு கடித்தது போல எரியும், முகம் சிவக்கும், தலை வலிக்கும், உடம்பு அரிக்கும். எவ்வளவு வேகவைத்தாலும் அது போகாது, டின்னில் அடைத்த சூட்டிலும் போகாது. நல்ல டின்னில் அந்தப் பயம் குறைவு. ஆனால் திறந்த டின்னை வெளியில் வைத்தால் அங்கேயும் இதே கதை நடக்கலாம். வாயில் வைத்ததும் காரணமில்லாமல் எரிந்தால் துப்பிவிடுங்கள். அரிப்போ மூச்சுத் திணறலோ வந்தால் உடனே மருத்துவரிடம் போங்கள்.

மிச்சம் வைப்பது

திறந்ததும் மீதியை டின்னிலேயே விடாதீர்கள், தகர வாடை ஏறிவிடும். மூடியுள்ள கண்ணாடிப் பாத்திரத்திலோ எவர்சில்வர் டப்பாவிலோ மாற்றி உடனே ஃபிரிட்ஜில் வையுங்கள். இரண்டு நாள், மிஞ்சினால் மூன்று நாள். எண்ணெய் டூனாவை அதன் எண்ணெயிலேயே மூழ்கும்படி வைத்தால் மெதுவாக இருக்கும். ஆலிவ் எண்ணெயாக இருந்தால் குளிரில் நெய் போல உறையும், வெளியில் எடுத்துக் கொஞ்ச நேரத்தில் தெளிந்துவிடும், கெட்டுப்போனது என்று கொட்டிவிட வேண்டாம். தண்ணீர் டூனாவை வடித்துதான் வைக்க வேண்டும். தனியாக இருக்கிறவர்கள் பெரிய டின் மலிவு என்று வாங்காமல், ஒருவேளைக்கு ஆகும் சின்ன டின்னாக வாங்குவது நல்லது.

அண்ணன் மகனுக்கு இப்போது சொல்லி வைத்திருப்பது மாதத்துக்கு ஆறு டின்: நாலு தண்ணீர், இரண்டு எண்ணெய். வெள்ளிக்கிழமை லீவுநாளில் தோரன் வைக்கத் தண்ணீர் டின், ஷிஃப்ட் நாளில் பிரிக்க எண்ணெய் டின். தேங்காய் எண்ணெய் மட்டும் இங்கிருந்து அரை லிட்டர் பாட்டிலில் அடுத்து ஊருக்கு வருகிறவர் கையில் கொடுத்தனுப்புகிறேன்.